நான் ஒட்டிய ஸ்டிக்கர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் நடந்தது இது. அங்கே நான் குவாலிட்டி செக்கர். தையல் பிசகியிருந்தாலும் பசை பிதுங்கியிருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. வீட்டில் தோசை ஓரம் தீய்ந்தால்கூட என் கண் முதலில் அங்கேதான் போகும் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

வேலூரில் ஒரு இல்லம் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்து குழந்தைகள் காப்பகத்தை விட்டு வெளியே வரும், போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகள் ஒரு வேலையில் நிலைக்கும்வரை அங்கே தங்கலாம். இடம் போதாமல் மாடியில் அறை கட்ட நினைத்தார்கள். அதற்குப் பணம் திரட்ட எங்கள் கம்பெனியில் ஒரு சவால் நடை ஏற்பாடானது. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற நாங்கள், ஒரு ஞாயிறு காலை வெறுங்காலோடு ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். தெரிந்தவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு தருவார்கள். பெயர் சேர்க்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒருத்தரும் அசையவில்லை. "உங்களுக்கு வேற வேல இல்லியா மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

நோட்டீஸ் வாங்க அந்த இல்லத்துக்குப் போனேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். எங்கள் தையல் லைனில் ஆறு மாதமாக இருக்கும் டிரெய்னி! அவளும் என்னைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்றுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கேண்டீனில் எல்லார் முன்னாலும் அவள் தோளில் கை வைத்து, "யாருக்கோ இல்லீங்க, நம்ம லைன்ல இருக்கிற இந்தப் பொண்ணு மாதிரி நாதியில்லாத பசங்களுக்குத்தான்" என்றேன். பெயர்கள் மளமளவென்று சேர்ந்தன. நான் பூரித்துப்போய் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடியது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சொல்லாமல் ஒரு வாரம் நின்றுவிட்டால் டிரெய்னி பெயரை எடுத்துவிடுவார்கள். பக்கத்து மெஷினில் தைக்கும் பாய் வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"அவங்கம்மா கணியம்பாடியில இருக்காங்க, அவங்கதான் தெனம் சமைச்சுக் குடுக்கிறாங்கன்னு சொல்லிக்கினு இருந்துச்சு மேடம். சாம்பார் ஜாஸ்தி ஊத்திட்டாங்கன்னு எனக்கும் குடுக்கும். அந்த அம்மாவ நீங்க இல்லாம பண்ணிட்டீங்க" என்றாள்.

குறையே இல்லாத இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், அதுவும் ஒரு மனுஷி மேல்.

ஐந்தாம் நாள் அரை நாள் லீவு போட்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். இல்லத்து வாசலில் நின்றபடியே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வேலையை மட்டும் விட்டுவிடாதே என்று கெஞ்சினேன். அவள், "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல மேடம்" என்றாள்.

மறுநாள் வந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பியது. யாரும் எதையும் கேட்கவில்லை. பாய் வீட்டுப் பெண் மட்டும், "எங்க சாம்பாரு? நீ இல்லாம ஒரே பேஜாரு" என்று தன் டிபன் பாக்ஸை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை செருப்புகளையெல்லாம் குவியலாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். அவளும் வந்தாள், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு. "போட்டோவுக்கு நல்லா இருக்காது, கழட்டச் சொல்லுங்க" என்று ஆபீஸ்காரர் ஒருவர் என் காதில் சொன்னார். பழைய நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பக்கத்தில் போய், "ஷூவோடவே நடக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"வெறுங்கால்ல நெறைய நடந்துட்டேன் மேடம். இது மொத சம்பளத்துல வாங்கினது" என்றாள்.

ஆபீஸ்காரருக்கும் அது கேட்டது. அவர் விலகி வழி விட்டார். சரளைக்கல் குத்த நாங்கள் நொண்டி நொண்டிப் போனோம். அவள் ஐந்து கிலோமீட்டரும் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

அறைகள் எழும்பிவிட்டன, அவளுக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பும்போதெல்லாம் அந்த வெள்ளை ஷூ என் கண்முன் வந்து நிற்கிறது. முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.