லாவெண்டர் மணந்தால் பூட்டியாயிற்று

நிம்மதியைப் பத்து மில்லி பாட்டிலில் அடைத்து விற்பது அருமையான தொழில். விற்கிறவனிடம் அது கொஞ்சமாவது இருக்கிறதா என்று யாரும் கேட்பதே இல்லை.

என் முழுநேர வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியின் தரச்சோதனைப் பிரிவில். பகுதிநேரமாக வாசனை எண்ணெய் ஏஜெண்ட்டாகவும் இருந்தேன். படபடப்பு, பதற்றம், தூக்கமின்மை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓ.சி.டி., எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில், இரண்டு சொட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆளா நீங்கள்? பக்கத்தில் வந்து உட்காருங்கள், நானும் உங்கள் கட்சிதான். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு பெண்ணின் கை சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பச்சைக் கோடு

எங்கள் கம்பெனியில் போல்ட்டை முறுக்கிச் சரிபார்த்ததும் அதன் தலையில் பச்சை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடவேண்டும். கோடு இருந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துக் கோடு போடுவார்கள். நான் மூன்று தடவை பார்ப்பேன். அதற்காக ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கைகுலுக்கிச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வியாதிக்குப் பரிசு தருகிற இடம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

அந்தப் பேனா ஒருநாள் என் சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. காஸ் அடுப்பு, மோட்டார் சுவிட்ச், வாசல் பூட்டு என்று பார்த்ததற்கெல்லாம் கோடு போட ஆரம்பித்தேன். இரண்டாவது நாளே சிக்கல் வந்தது. இந்தக் கோடு இன்றைக்குப் போட்டதா, நேற்றையதா? சந்தேகம் தீர இன்னொரு கோடு, அதற்கு மேல் இன்னொன்று. ஒரு மாதத்தில் பூட்டு முழுக்கப் பச்சையானது. என் மனைவி கலா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பூட்டுக்கு பெயிண்ட் அடிச்சிக்கினு கீறியே, சாவி போற ஓட்டையாவது உட்டு அடிய்யா."

இரண்டு சொட்டு ஞானம்

அந்தச் சமயத்தில்தான் திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த எண்ணெய்க் கூட்டத்துக்குப் போனேன். டை கட்டிய டீம் லீடர் ஒருவர், லாவெண்டர் மூளைக்குள் போய் என்னவெல்லாம் செய்யும் என்று கூடவே போய்ப் பார்த்தவர் மாதிரி விளக்கினார். எனக்கு அதில் வேறொரு விஷயம் பிடிபட்டது. பெயிண்ட் போகாது, வாசனை போய்விடும். காலையில் பூட்டியதும் ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டால், பஸ்ஸில் சந்தேகம் வரும்போது முகர்ந்து பார்க்கலாம். மணந்தால் இன்றைக்குப் பூட்டியிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் வாசனை போய்விடும், மறுநாள் குழப்பமே இல்லை. அன்றைக்கே ஏஜெண்ட்டாகவும் சேர்ந்துவிட்டேன்.

முதல் வாரம் ஒருநாள்கூடக் கம்பெனி பஸ்ஸை விடவில்லை. அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, மாத்திரை இல்லாமல், டாக்டர் இல்லாமல் குணமாகிவிட்டேன் என்று அறிவித்தேன். கைதட்டல் அடங்க நேரமானது. இறங்கி வந்ததும், எல்லோருக்கும் இது வேலை செய்யுமா என்று டீம் லீடரிடம் தனியாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "எண்ணெ எப்பவும் வேலை செய்யும் சார். செய்யலன்னா கஸ்டமர் ஒழுங்கா மோந்து பாக்கலன்னு அர்த்தம்."

மோப்பம்

நான் ஒழுங்காகத்தான் முகர்ந்தேன். இரண்டாவது வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து முகர்ந்தபோது, இந்த வாசனை பூட்டியதும் வைத்த சொட்டா, அல்லது பையில் இருக்கும் சாம்பிள் பாட்டில் கசிந்ததா என்று தோன்றியது. பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தேன். திருகியதில் விரலில் எண்ணெய் ஒட்டியது. இப்போது எந்த விரல் சாட்சி, எந்த விரல் பொய்ச்சாட்சி? பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு ஓடினேன். பூட்டு பூட்டியே இருந்தது. புதிதாக ஒரு சொட்டு வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன்.

முன்பு எனக்குப் பூட்டு ஒன்றுதான் பிரச்சினை. எண்ணெய் வந்த பிறகு பூட்டு, விரல், மூடி என்று மூன்றாயிற்று. அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக மூச்சிரைக்க ஏறியபோது டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "நைனா, பூட்ட பாக்க ஒரு ஓட்டம், வெரல மோந்து பாக்க ஒரு ஓட்டம். இன்னும் இன்னா கீதுன்னு மொத்தமா சொல்லிடு, அப்பால வண்டிய எடுக்கறேன்."

ஸ்டெல்லாவின் கை

இந்த லட்சணத்தில் நான் விற்பனையை நிறுத்தவில்லை. எங்கள் பேக்கிங் பிரிவில் ஸ்டெல்லா என்று ஒரு பெண், பொன்னேரி பக்கத்து ஆரணியிலிருந்து வருபவள். அவளுக்குக் கை கழுவுகிற பிரச்சினை. கழுவிக் கழுவி உள்ளங்கை வெடித்திருந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து, பாதி குணமாகியிருந்தாள். என் மேடைப் பேச்சு எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு நிஜமாகவே சரியாகிவிட்டதா அண்ணா என்று கேட்டாள். சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லி, கைக்கு நல்லது என்று ஒரு புதினா எண்ணெய் பாட்டிலையும் விற்றேன். சொல்லும்போது வலது கை விரல் என் மூக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவளைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். கழுவியதும் எண்ணெய் தடவுகிறாள். பிசுபிசுக்கிறதே என்று கழுவுகிறாள். கழுவியதால் மறுபடி தடவுகிறாள். வெடிப்பில் புதினா எண்ணெய் பட்டுக் கை நெருப்பாக எரிந்தது. அட்டைப்பெட்டியில் ரத்தக்கறை பட்டதால் அன்று காலை அவளை வேலையிலிருந்து விலக்கி உட்காரவைத்திருந்தார்கள். இன்னும் ஒரு பெட்டி கறையானால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார்களாம். மாத்திரை என்னாயிற்று என்றேன். உங்களை மாதிரியே நிறுத்திவிட்டேன் என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. எனக்குக் குணமாகவில்லை, இன்று காலைகூட வீட்டுக்குத் திரும்பி ஓடினேன் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். அவள் கத்தவில்லை, குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்: "நான் மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி இத சொல்லக் கூடாதாண்ணா?"

சீட்டு

அடுத்த செவ்வாய்க்கிழமை நானே அவளை மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். அவள் பஸ்ஸில் வந்தாள், நான் வண்டியில் போனேன். டாக்டரம்மா, கேட்காமல் மாத்திரையை நிறுத்தியதற்கு அவளைத் திட்டிவிட்டு, மறுபடி எழுதிக் கொடுத்தார். வெடிப்புக்குக் களிம்பு தந்தார். எண்ணெய் வாசனை பிடித்திருந்தால் முகர்ந்துகொள்ளுங்கள், கையில் போடாதீர்கள், மருந்துக்குப் பதிலாக அது ஆகாது என்றார். இந்த எண்ணெயை உங்களுக்கு யார் கொடுத்தது என்றும் கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸை ரொம்ப அக்கறையாகப் படித்தேன்.

வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது வெளியே நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். எனக்குப் புரியவில்லை. ஸ்டெல்லா களிம்பு தடவிய கையால் ஒரு ஓ.பி. சீட்டை நீட்டினாள்: "நீங்க வண்டி பூட்டிக்கீதான்னு பாக்க நாலாவது தபா போனீங்க இல்ல, அப்பவே உங்க பேர்லயும் ஒண்ணு போட்டுட்டேன். உக்காருங்கண்ணா."

மாத்திரையும், திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருக்கிற பயிற்சியுமாக நாலு மாதம் ஆகிறது, இப்போது பூட்டை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன், ஒரே ஒரு தடவைதான் இழுத்தேனா என்பதில்தான் இன்னும் கொஞ்சம் சந்தேகம்.