தெளிவாக்கிக் கொடுத்த முகம்

1. வியாழக்கிழமை காலை

காளீஸ்வரி என் கடைக்குள் வந்தபோது பத்து மணி இருக்கும். நான் ஒரு பிரிண்டரைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த பேப்பரை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் மேஜைக்கு வந்து செல்போனை நீட்டினாள்.

"டீச்சர், இதுல எங்க வீட்டுக்காரரு இருக்காகளான்னு பாத்துச் சொல்லுங்க."

ஜெகதாப்பட்டினத்தில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. ஆவூர்ப் பக்கம் பிறந்து, புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்து, கல்யாணம் ஆகி இந்தக் கடற்கரைக்கு வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் சர்வீஸ் கடை போட்டவள். கம்ப்யூட்டர் ரிப்பேர், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ பிரிண்ட் எல்லாம் உண்டு. சென்டரில் ஒட்டிய பெயர் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

புதன்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் வியாழன் விடியும்போது திரும்பியிருக்க வேண்டும். மூன்று படகுகள் வரவில்லை. அதில் இரண்டை, எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதை மற்ற படகுக்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். மூன்றாவது படகைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதில் நான்கு பேர். காளீஸ்வரியின் கணவர் முனியசாமிதான் டிரைவர். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் வாட்ஸப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்தது. சிமெண்ட் தரையில் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "நேத்து பிடிபட்ட நம்ம மீனவர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. எத்தனையோ பேர் கைமாறி வந்த படம், அதனால் ஒரே மங்கல். பின்வரிசையில் இடது பக்கம் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

"சட்டை அவுக சட்டைதான். மொகத்த மட்டும் கொஞ்சம் தெளிவாக்கிக் குடுங்க டீச்சர். நீங்கதான் பழைய போட்டோவையெல்லாம் தெளிவாக்குறீங்களே."

பெண்சாதி ஒருத்தி, புருஷன் பிடிபட்டவர்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிடித்துக்கொண்டு போனால் சில மாதம் கழித்தாவது திரும்பி வருவார்கள். கடலில் காணோம் என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

2. என் சந்தேக புத்தி

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தொழிலில் வரும் புதுச் செய்தி எதையும் நான் லேசில் நம்பமாட்டேன்.

புதுக்கோட்டை சென்டரில் இருந்தபோது, இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பத்திரிகைக்குப் பத்திரிகை எழுதினார்கள். எங்கள் ஓனர் பயந்துபோய் ஒரு சி.டி. வாங்கி எல்லா மெஷினிலும் போட்டார். மூலையில் இருந்த ஒன்றில் டிரைவ் வேலை செய்யாததால் போடவில்லை. ஜனவரி முதல் தேதி நான் போய் ஒவ்வொன்றாக ஆன் செய்தேன். அந்த மூலை மெஷினும் மற்றதைப் போலவேதான் எழுந்தது. ஓனரிடம் சொன்னேன். "விடும்மா, வெளிய சொல்லாத" என்றார்.

பிறகு கிளவுட் வந்தது. அறந்தாங்கி போட்டோகிராபர் ஒருவர், கல்யாணப் படங்களை எல்லாம் "மேல பத்திரமா இருக்கு டீச்சர்" என்று கையை மேலே காட்டுவார். மேலே ஒன்றும் இல்லை, எங்கேயோ ஒரு கட்டடத்தில் இன்னொருத்தருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, கையிலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மறந்தபோது என்னிடம்தான் வந்தார்.

இப்போது ஏ.ஐ. இனி டாக்டர் வேண்டாம், வக்கீல் வேண்டாம், டைப் அடிக்க ஆள் வேண்டாம் என்று தினமும் போனில் செய்தி வருகிறது. யார் சொன்னது என்று கீழே பார்த்தால் முக்கால்வாசி அதை விற்கிறவரே சொல்லியிருப்பார். கத்திரிக்காய் விற்கிறவர் தன் கத்திரிக்காய் நல்ல கத்திரிக்காய் என்று சொல்வதை நாம் செய்தியாகவா படிக்கிறோம்?

இப்படியெல்லாம் பேசுகிற நானே ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் வைத்திருந்தேன். பழைய போட்டோவைத் தெளிவாக்கும் ஆப். இறந்துபோன அப்பாவின் கறை படிந்த படத்தைக் கொண்டுவருவார்கள், நான் ஒரு பட்டனை அழுத்துவேன், முகம் பளிச்சென்று வரும், வந்தவர்கள் அழுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் ஒரு தடவை, "நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா எங்கப்பாவோட தம்பி மாதிரி இருக்கு" என்றாள். நான் சிரித்துக்கொண்டே பிரேம் போட்டுக் கொடுத்துவிட்டேன். நமக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற பொருளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

3. பட்டன்

காளீஸ்வரி நீட்டிய படத்தை என் சிஸ்டத்துக்கு மாற்றி, அந்த ஆப்பில் போட்டேன். அரை நிமிஷம் சுற்றியது. பின்வரிசை ஆளுக்கு முகம் வந்தது. நெற்றி, மீசை, லேசாக உள்ளே போன கன்னம்.

"தெளிவாயிடுச்சும்மா" என்றேன்.

அவள் மானிட்டரைத் தொட்டாள். "அவுகதான். அவுகளேதான் டீச்சர்." அப்படியே என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மீனவர் சங்கச் செயலாளர் ஜபருல்லா பாய்க்கு அவளே போன் செய்தாள்.

பாய் பைக்கில் வந்தார். அறுபது வயது, வெள்ளைத் தாடி, எதையும் நிதானமாகச் செய்கிறவர். படத்தைப் பார்த்தார், காளீஸ்வரியைப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துக்கம்மா. ஒம் புருசன்தானா?"

"இத்தன வருசமாப் பாக்குற மொகம் எனக்குத் தெரியாதா?"

"அப்பச் சரி. மூணு போட்டும் பிடிபட்டுச்சுன்னு எழுதிருவோம். மீன்துறை அதிகாரி பன்னெண்டு மணிக்கு வாராரு. டீச்சர், ரெண்டு பிரிண்ட் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் போனார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. சங்கத்தில் மாட்டி வைக்கப் பெரிய சைஸில் ஒன்று போடலாமே என்று நானாகவே படத்தைத் திரும்பத் திறந்தேன்.

பெரிய சைஸ் என்றால் ஓரங்களைச் சரிபார்க்க வேண்டும். அப்போதுதான் வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் பாதி முகம் ஒன்று தெரிந்தது. ஒரு கண், ஒரு காது. மூலப் படத்தில் அங்கே யாரும் இருந்ததாக ஞாபகம் இல்லை. எடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேன். ஆப் அந்தக் கேனுக்கு முகம் வைத்திருந்தது.

அதே படத்தை மறுபடி போட்டேன். பின்வரிசை ஆளுக்கு இந்தத் தடவை உருண்டை முகம், மீசை மெல்லியது. மூன்றாவது தடவை போட்டேன். மீசையே இல்லை. மூன்றும் பார்க்க நல்ல முகங்கள். மூன்றையும் வரிசையாகத் திரையில் வைத்துப் பார்த்தேன்.

மெஷினுக்கு அந்த முகம் தெரியவே இல்லை. கட்டம் கட்டமாக இருந்த இடத்தில், ஒரு மனுஷ முகம் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது. அதை அவள் புருஷன் ஆக்கியது அவள் ஆசை. தெளிவாகிவிட்டது என்று சொன்னவள் நான்.

4. துறைமுகம்

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சங்கக் கட்டடத்துக்கு முன்னால் கூட்டம். அதிகாரி ஏற்கெனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாய் பெயர்களை வாசிக்க அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். "பாய், அந்தப் படத்தை வச்சு எழுதாதீங்க. அது தப்பு."

"என்னா டீச்சர் தப்பு? நீங்கதான குடுத்தீங்க?"

"நான்தான் குடுத்தேன். கம்ப்யூட்டர் அந்த மொகத்தைக் கண்டுபிடிக்கல. அதுவா வரைஞ்சிருக்கு."

காளீஸ்வரி எழுந்து என் முன்னால் வந்தாள். "டீச்சர், அவுக உசுரோட இருக்காகன்னு காட்டுனது நீங்க. இப்ப இல்லங்குறீங்களா?"

"இல்லன்னு சொல்லலம்மா. அந்தப் படத்துல இருக்கது அவரான்னு தெரியாதுன்னு சொல்றேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள். பிரிண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று புரிந்தது. பாயைக் கொஞ்சம் தள்ளிப் போய் ஐஸ் பிளாண்ட் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னேன். என் போனில் படம் எடுத்து, வாட்ஸப் படத்தின் அளவுக்கு அதைச் சின்னதாக்கி மங்கலாக்கி, எல்லோரும் பார்க்க ஆப்பில் போட்டேன். நெட் மெதுவாக இருந்ததால் ஒரு நிமிஷத்துக்கு மேல் சுற்றியது. வந்த முகத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாடி இல்லை. சிரித்துக்கொண்டு வேறு இருந்தது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார்.

"பிடிபட்டவங்கன்னு எழுதுனா நான் அங்கிட்டுக் கேட்டு மனு அனுப்புவேன். காணோம்னு எழுதுனாத்தான் கடல்ல தேடச் சொல்ல முடியும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அங்கே இருந்த அத்தனை பேரும் காளீஸ்வரியைத்தான் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை நாலாக மடித்தாள்.

"தேடச் சொல்லுங்க" என்றாள்.

அதிகாரி அந்த நான்கு பெயர்களையும் அடித்துவிட்டு, வேறு தாளில் எழுதினார். அங்கிருந்தே போன் போட்டார். சங்கத்திலிருந்து ஐந்து படகுகள் டீசல் ஊற்றிக்கொண்டு கிளம்பின. நான் அங்கேயே நின்றேன்.

5. பிறகு

மறுநாள் மத்தியானம் கோடியக்கரைப் பக்கம் படகு கிடைத்தது. புரொப்பல்லரில் வலை சுற்றி இன்ஜின் நின்றிருக்கிறது. பேட்டரி இறங்கி வயர்லெஸ்ஸும் செத்துவிட்டது. நீரோட்டம் இழுத்த பக்கம் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். குடிதண்ணீர் அன்று காலையோடு தீர்ந்துவிட்டதாம். வலையை அறுக்கக் குதித்ததில் ஒருவருக்குக் கையில் ஆழமான வெட்டு, தையல் போட வேண்டியிருந்தது. நான்கு பேரும் உயிரோடு வந்தார்கள்.

அந்த வாட்ஸப் படம் சில வருஷத்துக்கு முந்தியது, வேறு துறைமுகத்துக்காரர்கள் என்று பாய் பின்னால் விசாரித்துச் சொன்னார்.

காளீஸ்வரி என்னைப் பார்க்க வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? காலையில் புருஷனைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திருப்பிப் பிடுங்கியவள் நான். தேடப் போனவர்கள் திரும்பும்வரை ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவள் எப்படி இருந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

நான்கைந்து மாதம் கழித்து ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தாள். பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அவுக வந்த அன்னிக்கு அந்தப் படத்தப் பக்கத்துல வச்சுப் பாத்தேன் டீச்சர். மூக்கே வேற. அப்பறம் எப்புடி நான் அவுகன்னு அழுதேன்?"

நான் பாரத்தில் அடுத்த கட்டத்தை நிரப்பினேன்.

"சரி, நெசமா அங்கன ஒக்காந்திருந்தது யாரோ ஒருத்தருதான? அந்த ஆளு வீடு வந்து சேந்துட்டாரா?"

"தெரியல காளீஸ்வரி."

அவள் தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கேட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து பழையபடி பேசுகிறாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் சர்வீஸ் கடைக்காரர்கள் சங்கத்தில் எழுதச் சொன்னதால் இதை எழுதுகிறேன். ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் சத்தம் கொடுக்கும். பழைய சாஃப்ட்வேர் தன்னால் முடியாதபோது எர்ரர் என்று சிவப்பில் காட்டி நின்றுவிடும். எத்தனை தடவை அதைத் திட்டியிருக்கிறேன்! இப்போது வருகிறவை நிற்பதில்லை. தெரியாத இடத்தையும் அழகாக நிரப்பிக் கொடுத்துவிடுகின்றன. அடுத்த வெர்ஷனில் எல்லாம் சரியாகிவிடும் என்று செய்தி போடுகிறார்கள். போடட்டும். நான் அந்த ஆப்பை இன்னும் வைத்திருக்கிறேன், செத்தவர்கள் படத்துக்குக்கூடப் பயன்படுத்துகிறேன். ஆனால் தெளிவாக்கியதோடு மூலப் படத்தையும் அதே சைஸில் பிரிண்ட் போட்டுச் சேர்த்தே கொடுக்கிறேன். எது போட்டோ, எது கம்ப்யூட்டர் வரைந்தது என்று பின்பக்கம் பேனாவால் எழுதிவிடுகிறேன்.

சிலருக்கு அது பிடிப்பதில்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும் மெஷின் தெரியாது என்று சொல்லாத இடத்தில், அதை இயக்குகிற நாம்தான் சொல்ல வேண்டும். அன்று பத்து மணிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, "எனக்கும் தெரியலம்மா" என்கிற அந்த ஒரு வரிதான்.