என் காலில் இருந்த ஆணி

கடையில் என்னை ‘சோப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அதனால் இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. செருப்புக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. வருகிறவர் காலைப் பார்த்ததுமே இவருக்கு எட்டு, இந்த அம்மாவுக்கு ஆறு என்று சொல்லிவிடுவேன். அவர் ஏழுதான் என்று அடம்பிடித்தால் ஏழையே கொண்டுவந்து மாட்டி, நன்றாகக் கடிக்கவிட்டு, பிறகு எட்டை நீட்டுவேன். இந்த விஷயத்தில் கடையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே குறை, ஒவ்வொருவர் காலையும் தொட்டதும் பின்பக்கம் போய்க் கை கழுவிவிட்டு வருவேன். கூட்ட நாளில் வாடிக்கையாளர் ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் பழையதுமாக என்னைத் தேடிக்கொண்டு நிற்பார். “சோப்பு எங்கப்பா?” என்று முதலாளி குரல் கொடுப்பார். எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் கேட்பார்.

கிருமி என்றால் எனக்கு அப்படி ஒரு பயம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டேன். கதவை முழங்கையால் திறப்பேன். பக்கத்தில் யாராவது தும்மினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஒருமுறை லிஃப்டில் ஒருவர் விடாமல் தும்மியதில், என் மாடி வருவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது; கடைசியில் அந்தத் தும்மல்காரர்தான் என்னைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். என் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், வாய் கொஞ்சம் நீளம். “இவருக்கு நோய் வராது, இவரைத் தொட்டா நோய்க்குத்தான் ஏதாவது வந்துடும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட என் வீட்டில் என் மச்சினனுக்குக் காசநோய் வந்தது.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான். வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தான், சாயங்காலமானால் உடம்பு சுட்டது, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அக்காக்காரி இழுத்துக்கொண்டு போய்ச் சளியைச் சோதிக்க வைத்தாள். முடிவு வந்த அன்று அவனே என் முன்னால் வந்து நின்றான்.

“மாமா, பயப்பட ஒண்ணும் இல்லையாம். ஆறு மாசம் ஒரு நாள்கூட விடாம மாத்திரை சாப்பிட்டா சுத்தமா சரியாயிடுமாம். ஆரம்பத்துல கொஞ்ச வாரம்தான் மத்தவங்களுக்குப் பரவுமாம்.”

“ரொம்ப நல்லதுப்பா. அங்கேயே நின்னு சொல்லு” என்றேன்.

அன்று மாலையே வேலையில் இறங்கினேன். அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி. டிவி ரிமோட்டைப் பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கிருமி வெளியே வந்துவிடக் கூடாது என்று அவன் அறை ஜன்னல்களை இறுக்கி மூடி, கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் பழைய துண்டைத் திணித்தேன். செய்து முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து விசாரிக்க வந்த நர்ஸம்மா அந்தத் துண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

“யாரு சார் இதைச் செஞ்சது? இருமும்போது வர்ற காத்துலதான் இது பரவும். ஜன்னலைத் திறந்து போட்டாத்தானே கிருமி வெளியில போகும்? நீங்க அதைப் பொத்திப் பொத்தி வளக்கறீங்க. தட்டுலயும் டம்ளர்லயும் ஒட்டாது. அவரு வாயை மூடி இருமணும், மாத்திரையை விடக் கூடாது, அவ்வளவுதான்.”

நான் தலையாட்டினேன். அவர் படியிறங்கியதும் ஜன்னலைத் திறந்தேன். தட்டை மட்டும் தனியாகவே வைத்தேன். நர்ஸம்மா சொன்னது மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை மச்சினன் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு, “நான் பட்டறை மாடியில தங்கிக்கறேன் அக்கா, அங்க நல்லா காத்து வரும்” என்று கிளம்பிவிட்டான். காற்றுக்காகப் போகவில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதில் மட்டும் நான் முந்திக்கொண்டேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நுரையீரல்ல ஒண்ணும் இல்ல” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து அவர் சொன்னதைப் பாதி காதில்தான் வாங்கினேன்.

“ஆனா ரத்தத்துல சர்க்கரை ரொம்ப அதிகமா இருக்கு. பல வருஷமா இருந்திருக்கணும். கால்ல மரத்துப்போற மாதிரி, எரியற மாதிரி ஏதாவது இருக்கா?”

“அதெல்லாம் இல்லீங்க டாக்டர். எனக்குக் கால்ல ஒண்ணுமே தெரியாது.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “அதைத்தான் நான் கேக்கறேன். ஷூவைக் கழட்டுங்க, பாப்போம்.”

அந்த மருத்துவமனைத் தரையில் வெறுங்காலை வைப்பதா? கடைக்கு நேரமாகிவிட்டது, அடுத்த தடவை காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “டாக்டர், இந்தச் சர்க்கரை தொத்துமா?”

“தொத்தாது. இது தொற்றா நோய்” என்றார்.

அவ்வளவு போதும் எனக்கு. போகிற வழியில் பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு போனேன். மனைவி பல நாள் மௌனத்தை அந்தக் கேக்கைப் பார்த்துத்தான் கலைத்தாள்.

“உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்களே?”

“அது தொற்றா நோயாம். தொத்தாதுன்னு பேர்லயே போட்டிருக்கு. பயப்படற மாதிரி இருந்தா அப்படிப் பேரு வைப்பாங்களா?”

அவள் என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மருத்துவமனையில் கொடுத்த சர்க்கரை மாத்திரைகளைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். நான் பயந்தது வெளியிலிருந்து வருகிறதைப் பார்த்துத்தான். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து என்னோடு கேக் சாப்பிடுகிற நோயை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சில வாரங்கள் போயின. மச்சினன் சளியில் இப்போது கிருமி இல்லை, யாரோடும் பழகலாம் என்று சோதனையில் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மனைவி போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேறு என்ன செய்ய முடியும்? என் நாற்காலியைத் தூக்கிப் பால்கனிக் கதவோரம் போட்டுக்கொண்டேன். அவன் பேசினால் நான் வெளியே வேடிக்கை பார்த்தபடி பதில் சொல்வேன்.

ஒருநாள் கடையிலிருந்து வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் முதல் வேலையாகக் கை கழுவி, சமையலறையில் தண்ணீர் குடித்து, கூடத்துக்கு வந்தேன். மச்சினன் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தான். அவன் பக்கத்தில் தரையில் சிவப்பாக ஒரு பொட்டு. அதற்கு அப்பால் இன்னொன்று.

நான் கத்திய கத்தலில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ரத்தம் கக்கியிருக்கான் பாரு. சரியாயிடுச்சுன்னு சொன்னியே, பாரு இங்க. எவ்வளவு நாளா மறைச்சுட்டிருக்கே நீ?”

மச்சினன் புறங்கையால் வாயைத் துடைத்து, அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னதை ஒரு கணம் அவனே நம்பிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை இன்றைக்கு வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

என் மனைவிதான் குனிந்து பார்த்தாள். பொட்டுகள் வாசலில் ஆரம்பித்து, கை கழுவும் இடத்துக்குப் போய், சமையலறைக்குள் நுழைந்து திரும்பி, நேராக என்னிடம் வந்து நின்றன. என் வலது சாக்ஸின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“மாமா, உக்காருங்க” என்றான் மச்சினன்.

“தொடாதே” என்றேன். அந்த நிலையிலும் அதைத்தான் சொன்னேன்.

அவன் காதில் வாங்கவில்லை. சாக்ஸை மெதுவாக உருவினான். கட்டை விரலுக்குக் கீழே, கால் ஆணி என்று நினைத்து நான் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்த இடத்தில் ஒரு குழி. வாசலுக்குப் போய் என் ஷூவை எடுத்துவந்து உள்ளே விரலை விட்டுத் தடவினான். அடிப்பாகத்திலிருந்து ஓர் ஆணி மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளா மாமா இதைப் போட்டுட்டு நடக்கறீங்க?”

“தெரியலப்பா.”

“வலிக்கலையா?”

வலிக்கவில்லை. ஊரில் இருக்கிறவர்களின் செருப்பு எங்கே கடிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவன் நான். எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரு நம்பர் சின்னதாகக் கூர்மூக்கு ஷூ வேறு போட்டிருந்தேன். அதற்குள் ஆணி குத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. என்னத்தைச் சொல்ல.

மருத்துவமனையில் அதே டாக்டரம்மா. என் மூஞ்சியில் ஈயாடவில்லை. “சர்க்கரை நரம்பை மரத்துப்போக வெச்சிருக்கு. அதனாலதான் வலி தெரியல. புண்ணு வழியா கிருமி உள்ள இறங்கியிருக்கு” என்றார். ஆயுள் முழுக்க நான் கையைக் கழுவிக்கொண்டிருக்க, அது காலடி வழியாக வந்துவிட்டிருந்தது. விரல் ஓரம் கறுக்க ஆரம்பித்திருப்பதைக் காட்டினார். சர்க்கரையை இறக்கி, மருந்து ஏற்றி, தினமும் கட்டு மாற்றிப் பார்ப்பது. கறுப்பு பரவினால் விரலை எடுப்பது. அதற்கும் நிற்காவிட்டால் பாதம்.

“நீங்கதானே டாக்டர் தொற்றா நோய்னு சொன்னீங்க” என்றேன், குழந்தை மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. “ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாதுன்னு அர்த்தம். உங்களுக்கு வராதுன்னு அர்த்தம் இல்ல. இதை யாரும் உங்களுக்குக் குடுக்க வேண்டாம். சாப்பாடு, உக்காந்தே இருக்கறது, குடும்பத்துல இருக்கறது எல்லாம் சேர்ந்து உங்களுக்குள்ளேயே வரும். அன்னிக்கே ஷூவைக் கழட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

படுக்கையில் கிடந்தபோது பயமாக இருந்தது. கிருமிப் பயம் இல்லை, அது போன இடம் தெரியவில்லை. ஒற்றைக் காலோடு செருப்புக்கடையில் எப்படி நிற்பது? முதலாளி நல்லவர்தான், ஆனால் வருகிறவர்கள் என் காலைப் பார்த்தபடி செருப்பு வாங்குவார்களா? யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். என் தொப்பையைத் தாண்டி எனக்கு என் முழங்காலே சரியாகத் தெரியாது. மனைவி விடியும்போதே வேலைக்கு ஓட வேண்டும். மச்சினன் நர்ஸம்மாவிடம் கட்டுக் கட்டக் கற்றுக்கொண்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, அவ்வளவு பொறுமையாகச் செய்தான். அவன் கழுவியதைப் பார்த்தபிறகுதான் எதற்காகக் கை கழுவுவது என்று எனக்கே விளங்கியது. காலையில் இரண்டு பேரும் சமையலறையில் நின்று அவரவர் மாத்திரையை விழுங்குவோம்.

“எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் மாமா. உங்களுக்கு?”

“எனக்கு நிறைய இருக்குப்பா, நீ முன்னாடி போ” என்பேன்.

கறுப்பு பரவவில்லை. புண் மெல்ல மெல்ல மேலெழும்பி மூடியது. விரல் ஐந்தும் தப்பின. இப்போது அகல மூக்கு வைத்த, மெத்தென்ற செருப்புத்தான் போடுகிறேன். இத்தனை காலம் ‘தாத்தா மாடல்’ என்று நான் கிண்டல் பண்ணி விற்றுக்கொண்டிருந்த அதே சரக்கு. சாப்பாட்டைக் குறைத்தாயிற்று, சாயங்காலம் நடக்கிறேன், போடும் முன் செருப்பைத் தட்டிப் பார்க்கிறேன். என் முன்னால் வந்து உட்காருகிற வாடிக்கையாளரிடம், “கால்ல உணர்ச்சி இருக்குங்களா? சர்க்கரை பார்த்தீங்களா?” என்று ஆரம்பித்துவிடுகிறேன். வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி முறைக்கிறார்.

போன வாரம் ஒரு விடுமுறை நாள் காலையில், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த சோதனையைச் செய்து பார்க்கலாம் என்றான் மச்சினன். புண் ஆறிவிட்டது, உணர்ச்சி திரும்பியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“கண்ணை மூடிக்கோங்க மாமா. நான் தொட்டா, தொட்டேன்னு சொல்லுங்க.”

மூடிக்கொண்டேன். சொல்வதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் ஆரம்பிக்கவே இல்லை. தயங்குகிறான் என்று எனக்குத் தோன்றியது. நான்தான் அவனை அப்படி ஆக்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“தம்பி, உன்மேல எனக்கு ஒரு பயமும் இல்ல இப்போ. அன்னிக்கு நான் செஞ்சதெல்லாம் தப்பு. தயங்காம தொடுப்பா.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“தொட்டுக்கிட்டுதான் மாமா இருக்கேன்” என்றான்.

கண்ணைத் திறந்தேன். இரண்டு கைகளாலும் என் பாதத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.