எண்பத்தைந்து டிகிரியில் ஒரு வாரம்

1. வெந்நீர்

தனியாக நான் போன முதல் வேலை அது. கரமனைக்கு அப்பால் இருந்த ஒரு சின்னத் தைலக் கம்பெனி. அங்கே ஒரு பாத்திரத்துக்கு ஆட்டோமேட்டிக் டெம்பரேச்சர் கன்ட்ரோல் பொருத்தி, ஓட்டிக் காட்டி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கன்ட்ரோல் பேனல் செய்யும் எங்கள் நிறுவனத்தில் எனக்கு அந்தச் சனிக்கிழமையோடு ஆறு மாதப் புரொபேஷன் முடிகிறது.

"சங்கரி, ஒப்போட வந்தா வேலை ஸ்திரம். இல்லெங்கில் நமக்கு ஆலோசிக்கலாம்" என்றார், கையெழுத்தை ஒப்பு என்றே சொல்லும் என் முதலாளி. ஆலோசிக்கலாம் என்று அவர் சொன்ன இரண்டு பேரை அதற்குப் பிறகு நான் ஆபீசில் பார்த்ததில்லை.

அமைப்பு எளிமையானது. பாத்திரத்துக்கு இரட்டைச் சுவர், நடுவே நீராவி போகும். அதை ஜாக்கெட் என்போம். உள்ளே இருக்கும் ஆர்.டி.டி. என்ற சென்சார் சூட்டைப் பார்க்கும். டிரான்ஸ்மிட்டர் அதை நாலிலிருந்து இருபது மில்லியாம்ப் சிக்னலாக்கி அனுப்பும். கன்ட்ரோலர், கேட்ட சூட்டையும் இருக்கிற சூட்டையும் ஒப்பிட்டு, நீராவிக் குழாயிலுள்ள கன்ட்ரோல் வால்வைத் திறக்கவோ மூடவோ சொல்லும். நான்கு வருடம் நான் படித்ததன் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் பரீட்சை.

கன்ட்ரோல் வால்வு பழுதானால் வேலை நிற்கக் கூடாது என்று, பாத்திரத்தின் பின்பக்கம் கையால் திருகும் பைபாஸ் வால்வு ஒன்றும் இருந்தது. திங்கட்கிழமை அதை நானே இறுக மூடினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

தைலத்தை வைத்து விளையாட முடியாதாகையால் சோதனை முழுக்கத் தண்ணீரில். எண்பத்தைந்து டிகிரியில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். சார்ட் ரெக்கார்டர் என்று ஒரு பெட்டி, ஓடும் காகிதத்தில் பேனாவால் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டே போகும். மேனேஜர் மாதவன் சார் மலையாளி. என்னிடம் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டா. ஒரு நேர்கோடு. எட்டு மணிக்கூர். அது கிட்டினா ஒப்பு."

வலியசாலையில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத்தனை படிச்சுட்டு வெந்நீர் போடப் போறியா? நான் முப்பது வருஷமாப் போட்டுண்டிருக்கேன். ஒருத்தரும் வந்து கையெழுத்துப் போடலையேடி."

2. அலை

அந்தப் பாத்திரத்தின் ஆபரேட்டர் செல்லப்பன் அண்ணன், மார்த்தாண்டத்துக்காரர். இருபது வருடமாக வால்வைக் கையால் திருகியே சூடு பிடித்தவர். என்னை ஒரு மணி நேரம் மேடம் என்று கூப்பிட்டார். பிறகு மக்ளே ஆகிவிட்டேன்.

"மக்ளே, இந்த மெஷினு ஆளில்லாம ஒத்தைக்கு நிக்குமா?"

"நிக்கும் அண்ணே."

"என்னவோ" என்று கன்ட்ரோலரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சோதனை தொடங்கியது. பேனா எண்பத்தெட்டுக்கு ஏறியது, எண்பத்திரண்டுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. மத்தியானத்துக்குள் காகிதத்தில் கோவளம் கடல் தெரிந்தது.

இதற்கு ஹண்டிங் என்று பெயர். கன்ட்ரோலர் அளவுக்கு மீறித் துள்ளினால் இப்படி ஆகும். ஆகவே அந்தத் துள்ளலின் அளவான கெய்னைக் குறைத்தேன். அலை அப்படியே இருந்தது. இன்டெக்ரல் டைமைக் கூட்டினேன். அதே அலை. டெரிவேட்டிவை எடுத்தேன், சேர்த்தேன், மறுபடி எடுத்தேன். ட்யூனிங் என்பது இதுதான். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஓர் அலை, பஸ் வராத ஊரிலும் இது தவறாமல் வந்தது. நான் எதைத் திருகினாலும் மாறாத அலை, என் கன்ட்ரோலருடையதாக இருக்க முடியாது. இது அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

3. நிபுணர்கள்

முதலாளிக்கு போன் செய்தேன். "எர்த் பாத்தியா?" என்றார். எங்கே எது கெட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. புதன்கிழமை முழுக்க எர்த் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். அலை ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

வியாழக்கிழமை காலை மாதவன் சார் பேனல் முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். நான் மட்டும் லேசுப்பட்டவளா, கோவில் விபூதியை எடுத்துக் கன்ட்ரோலர் நெற்றியில் பூசினேன். டிஸ்பிளேயில் எட்டு மறைந்து, எண்பத்தைந்து வெறும் ஐந்தாகத் தெரிந்தது. அவசரமாகத் துடைத்தேன்.

அன்று சும்மா இருக்க முடியாமல் முந்தைய இரண்டு நாள் காகிதத்தையும் தரையில் விரித்துப் பார்த்தேன். கடலுக்கு நடுவே அங்கங்கே கோடு நேராக இருந்தது. நேரம் பார்த்தால், காலை டீ, மத்தியானச் சாப்பாடு, சாயங்கால டீ. இரண்டு நாளும் அப்படியே. மற்ற மெஷின்கள் நிற்பதால் வோல்டேஜ் நன்றாக இருக்கிறது போலும் என்று முடிவு கட்டினேன். படித்தவர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

சாப்பிடப் போகாமல் பாத்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்தேன். பக்கத்து அரவை மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கோடு நேராகப் போனது.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தார். "போயி வல்லதும் தின்னு மக்ளே. இனி நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஸ்ஸ் என்று நீராவிச் சத்தம் கேட்டது.

4. முகம் பார்க்கும் கண்ணாடி

பின்னால் போய்ப் பார்த்தேன். தூணில் ஆணியடித்து, சவரம் செய்துகொள்ளும் சின்னக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதில் என் டிஸ்பிளே இடவலம் மாறித் தெரிந்தது. அண்ணன் அதைப் பார்த்தபடி இரண்டு கையாலும் பைபாஸ் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"தாழும்போ தெறக்கேன். கேறும்போ அடைக்கேன். ஒனக்க வால்வு மெதுவால்லா போகுது. பாவம்."

"எப்பலேந்து?"

"செவ்வா காலத்தேருந்து. திங்களே ஒனக்க மொகத்தப் பாத்தேன். பயந்து போயி இருந்த. சரி, நம்ம பிள்ள, ஒரு கை குடுப்போம்னு நெனச்சேன்."

"டீ குடிக்கப் போறச்சே?"

"அடைச்சிட்டுல்லா போவேன். ஆளில்லாம தெறந்து போட்டா ஆபத்தில்லியா? எனக்கு அவ்வளவு வெவரம் இல்லேன்னா நெனச்ச?"

கோபம் வந்தது. அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து யார் தலையில் தேய்ப்பது என்று ஒரு கணம் யோசித்தேன். என் தலைதான் பொருத்தமாகப் பட்டது.

நடந்தது இதுதான். ஜாக்கெட்டில் நுழையும் சூடு, நடுவே இருக்கும் சென்சாருக்குப் போய்ச் சேர மூன்று நான்கு நிமிடம் ஆகும். கன்ட்ரோலர் அதற்குக் காத்திருக்கும். அண்ணன் காத்திருக்க மாட்டார், ஒரு முழுச் சுற்றுத் திறந்துவிடுவார். சூடு எகிறும். கன்ட்ரோலர் மூடும், அவரும் மூடுவார். சூடு விழும். கன்ட்ரோலர் திறக்கும், அவரும் திறப்பார். மூன்று நாளாக நான் ட்யூன் செய்யப் பார்த்தது செல்லப்பன் அண்ணனை. அவருக்கு கெய்ன் ஸ்க்ரூ கிடையாது.

நான் விளக்கிச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "அப்போ நாந்தான் கெடுத்தேனா?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இந்தக் கம்பெனியிலேயே என்மேல் அக்கறைப்பட்டவர் அவர் ஒருவர்தான். மாதவன் சாரிடம் நான் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாளைக்கு என் பக்கத்திலேயே நில்லுங்கள் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன்.

5. எட்டு மணிக்கூர்

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தொடங்கினோம். அன்று விட்டால் சனிக்கிழமை ஆலோசனைதான்.

"கைய என்ன செய்ய?" என்றார் அண்ணன்.

"கட்டிண்டு நில்லுங்க."

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூடு அரை டிகிரி இறங்கினால்கூட அவர் தோள் பின்பக்கமாகத் திரும்பும்.

"தாழுது மக்ளே."

"தானே ஏறும் அண்ணே."

"கேறிச்சு மக்ளே." பத்து மணிக்கு ஆச்சரியமாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கெல்லாம், வருகிறவர் போகிறவரை நிறுத்தி, அந்த மெஷினைத் தானே பெற்றதுபோலக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மாதவன் சார் வந்தார். ஏழு மணி நேரம், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரிக் கோடு. அவர் சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பேனாவை விரலால் தட்டினார்.

"இது நின்னு போச்சோ?"

"இல்ல சார், ஓடறது. பேப்பர் நகர்றது பாருங்கோ."

"பேப்பர் நகரும். பேனா அனங்கல்லியே. ஏழு மணிக்கூர் ஒரு சாதனம் அசையாம இருக்குமோ?"

"நீங்கதான் சார் நேர்கோடு கேட்டேள்."

"கேட்டேன். பட்சே, இத்தர நேராவா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் பின்பக்கம் போய்விட்டார். வால்வு திருகும் சத்தம் கேட்டது. அண்ணன் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

"சாரே, கைய எடுங்க. தொடாதீங்க. அது ஒத்தைக்கு நிக்கும்."

இருபது வருடத்தில் மேனேஜரை அவர் அதட்டியது அதுதான் முதல் தடவையாம். மாதவன் சார் பயந்துபோய் வால்வை மூடிவிட்டு வந்தார். பேனா எண்பத்தேழுக்கு ஏறியது. கன்ட்ரோல் வால்வு மெல்ல மூடியது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். பேனா இறங்கி, எண்பத்தைந்தில் வந்து நின்றது.

"ஆ, ஜீவனுண்டு" என்றார் மாதவன் சார். எட்டாவது மணி நேரம் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. என் பேனாவை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆபீசில் முதலாளி காகிதத்தை விரித்து, கடைசியில் இருந்த மேட்டில் விரல் வைத்தார். "இதென்ன?"

"கஸ்டமர், சார்."

அவர் என் கன்ஃபர்மேஷன் லெட்டரை நீட்டினார்.

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். ட்யூனிங்கில் கை வைப்பதற்கு முன்னால், வேறு யார் கை எந்த வால்வில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அடுத்தது, கையெழுத்து வாங்கும் நாளில் செட்பாயின்டை, அதாவது கேட்கும் சூட்டை, நீங்களே இரண்டு டிகிரி ஏற்றி இறக்கிக் காட்டிவிடுங்கள். நேர்கோட்டை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.