திறப்பு விழாவுக்குக் காத்திருந்த தண்ணீர்

ஓசூரில் எங்கள் தெருவுக்கு போர் போட்டு, மோட்டார் இறக்கி, தொட்டியும் கட்டி, கரண்ட் கனெக்‌ஷனும் வாங்கியாகிவிட்டது. சுவிட்சைப் போடுவதுதான் பாக்கி. போடவில்லை. அமைச்சர் வந்து திறக்க வேண்டுமாம். கட்சிக்காரர்கள் மட்டும் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். தெருவே அதைத்தான் சொன்னது. பக்கத்துத் தெருத் தொட்டியைக் கவுன்சிலர் திறந்தாராம், அதனால் எங்களுக்கு அமைச்சருக்குக் குறைந்து யாரும் ஆகாதாம்.

என் மனைவிக்கு அப்போதுதான் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு வெயிட் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் லாரியோ நான் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும்போதுதான் வரும். அவள் தினமும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது.

"சுவிட்சைப் போடுங்கப்பா, விழாவை அப்புறம் வச்சுக்கலாம்" என்று கத்தினேன்.

"நல்ல காரியம்ணா, அவசரப்படாதீங்க" என்றார் வார்டு கட்சிக்காரர்.

அதற்குள் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். அமைச்சர் பெயர் செதுக்கிய கல்வெட்டின் மேல் பேப்பர் ஒட்டினார்கள். ஓட்டு எண்ணியதும் ஆட்சி மாறியது, அமைச்சரும் தோற்றார். பட்டாசுக் குப்பையை அள்ளுவதற்குள் புதுக் கட்சிக்காரர் வந்து மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டார். புதுக் கல்வெட்டு வரவேண்டுமாம், புது எம்.எல்.ஏ. தேதி தரவேண்டுமாம். எதிர்வீட்டுக்காரர் எங்களுக்காக அந்தக் கட்சிக்காரரிடம் கன்னடத்தில் கேட்டார், தெலுங்கில் கேட்டார். எந்த மொழியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

ஒருவழியாக விழா வந்தது. ஷாமியானா, மைக், ஆளுயர மாலை. முதல் தண்ணீரைப் பிடிக்கப் பெண்கள் காலிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். ஆறு மாதம் இன்னும் முடியவில்லை, குடத்தை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று சொன்னதால் என் மனைவியும் நின்றாள். எம்.எல்.ஏ. சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, அடங்கிவிட்டது.

"மாசக்கணக்கா ஓட்டாம வச்சா ஜாம் ஆகத்தானே செய்யும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"போன ஆட்சியில போட்ட மோட்டாரு, அதான் இந்த லட்சணம்" என்று மைக்கில் முழங்கினார் புதுக் கட்சிக்காரர். தெரு கைதட்டியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேடைக்குப் போய் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன். நாலு பேர் என்னை இழுத்து உட்கார வைத்தார்கள். தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது என் காதில் விழவே இல்லை.

திரும்பிப் பார்த்தபோது, என் மனைவி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.