ராகு காலம் முடிந்ததும் வரும் கூச்சல்

அந்தச் சனிக்கிழமை கோவில்பட்டிக் கடையில் இருந்தவர்கள்: கடை முதலாளி அண்ணாச்சி. அவர் தங்கை. தங்கை இடுப்பில் பெண்பிள்ளை. மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக். நான்.

கடை என்றால் பிரௌசிங் சென்டர். வருகிறவர்களுக்கு ஏழு மிசின். அண்ணாச்சி மேசையில் ஒன்று. அதற்குத் தனி கரண்ட் லைன், அணைப்பதே இல்லை. தீப்பெட்டி ஆபீஸை விட்டு அங்கே சேர்ந்திருந்தேன். கூட்டுவது, சாம்பிராணி போடுவது, ஏழு மிசினின் பட்டனையும் அமுக்கிப் போட்டுவிடுவது. வேலை அவ்வளவுதான்.

அண்ணாச்சி தன் மிசினில் ஒரு காவல் புரோகிராம் போட்டார். பத்திரிகையோடு வந்த சிடி. எவனாவது வயர் வழியாகப் புகுந்தால் சிவப்புப் பெட்டி காட்டுமாம். மறுநாள் காலையே காட்டியது. வரிசையாக. அனுப்பியவன் முகவரி முழுக்க சைபர். போகிற இடம் எல்லா மிசினும்.

"முகவரிய மறைச்சுக்கிட்டு அடிக்கான்," என்றார்.

தினமும் ஒன்பது மணிக்கு வந்தது. சனிக்கிழமை மட்டும் பத்தரைக்கு.

"பாத்தியாலே, ராகு காலம் முடியட்டும்னு காத்துக் கெடந்து அடிக்கான். வெளிநாட்டுக்காரனுக்கு ராகு காலம் தெரியுமா? உள்ளூர்க்காரன்தான்."

எதிரே தங்கை வீட்டுக்காரரின் ஜெராக்ஸ் கடை. அங்கே இருந்த இரண்டு கம்ப்யூட்டருக்கு எங்கள் கடையிலிருந்துதான் ரோட்டுக்கு மேலே வயர் போகும். பழி அவர் மேல் விழுந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலையில் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மடி தரமாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பினார். சொல்லப் போனவன் நான்.

அதற்குத்தான் சனிக்கிழமை காலை தங்கை வந்து நின்றாள்.

"அண்ணே, மடி தரமாட்டேன்னு சொல்லுதீங்களாமே. பெறகு யாரு மடியில வைக்க? இந்த மெக்கானிக் மடியிலயா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல தாயி, வாரேன்," என்றார் மெக்கானிக்.

"ஏட்டி, ஒம் மாப்பிள்ளை என் கடைய அழிக்கப் பாக்கான்."

"அவியளுக்கு ஜெராக்ஸ்ல பேப்பர் சிக்குனாலே எடுக்கத் தெரியாது."

அடிக்கிறவனைப் பிடிக்க அண்ணாச்சி வரவழைத்த மெக்கானிக் ஒன்பதுக்கே வந்துவிட்டார். ராகு காலத்தில் மிசினைத் தொடக்கூடாது என்று அண்ணாச்சி அவரை உட்காரவைத்தார். பத்தரை வரை அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு மெக்கானிக் எதிர்க்கடை வயரைப் பிடுங்கினார். நான் வழக்கம்போல ஏழையும் அமுக்கினேன். சிவப்புப் பெட்டி வந்தது.

"அப்போ இன்னொரு எதிரியும் இருக்கான்!" என்றார் அண்ணாச்சி.

மெக்கானிக் ஏழையும் அணைக்கச் சொன்னார். காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒன்றை மட்டும் போடச் சொன்னார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டி. இன்னொன்றைப் போட்டேன். இன்னும் இரண்டு.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, நீயா?"

"ஆமா அண்ணாச்சி. தினமும் நாந்தான் அமுக்குதேன்."

மெக்கானிக் சொன்னது இது. அப்போதுதான் விழித்த மிசினுக்கு முகவரி நம்பர் கிடையாது. அதனால்தான் சைபர். நம்பர் கொடுப்பவன் எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. அதனால்தான் எல்லாருக்கும் கூச்சல். எனக்கு நம்பர் யார் தருவா என்று ஒரு தரம். மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ரவுட்டர் டப்பா ஒரு நம்பரைக் காட்டியதும், அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று இன்னொரு தரம். அப்புறம் அடங்கிவிடும். அடிக்க வருகிறவன் இப்படிக் கூவமாட்டான். ஒரு மிசினைப் பிடித்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவான், விடமாட்டான். நீங்கள் பட்டனை அமுக்கும்வரை காத்திருக்கவும் மாட்டான். ஆனால் அந்த டப்பாவைத் தவிர வேறு எவனாவது நம்பர் கொடுத்தால் மட்டும் உடனே என்னைக் கூப்பிடுங்கள் என்றார்.

"அப்போ ராகு காலம்?" என்றார் அண்ணாச்சி.

"அது நீங்க பாக்குறது அண்ணாச்சி. மிசின் பாக்கல."

தங்கை சிரித்தாள். பிடுங்கிய வயரை அண்ணாச்சியே மாட்டினார்.

"நாளைக்கு வேன் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"ராகு காலம் சாயந்தரந்தான். பயப்படாதீங்க."

மறுநாள் கழுகுமலை. அண்ணாச்சி மடியில் பிள்ளை. அவர் வேட்டியை அது கெட்டியாகப் பிடித்திருந்தது. தங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஒரு காது குத்தினார். மறு காதும் குத்தினார். பிறகு பிள்ளை அடங்கிவிட்டது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் எண்ணியிருந்தேன்.

கூச்சல் இரண்டு.