பீவருக்குப் பொறி வைத்தவர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லாங்கன்தால் ஊரில், ஆற்றோரமாக, எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டத்துண்டு இருக்கிறது. அதில் நான் நட்ட அப்பிள் மரம் போன வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. காய்த்தது என்னவோ ஒரு கை நிறையத்தான். முதல் காய்ப்பு பிள்ளையார் கோயிலுக்கு என்று சொல்லி, வீட்டில் ஒருவரையும் நான் தொட விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆற்றுக்குப் பீவர் என்ற பெரிய பல்லுள்ள நீர்ப்பிராணி வந்து சேர்ந்தது. பக்கத்துத் தோட்டத்து மரமொன்றைக் கடித்து விழுத்திவிட்டது. பதறிப்போய் வனவிலங்கு அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, பீவர் பாதுகாக்கப்பட்ட பிராணி, அதைப் பிடிக்கக்கூடாது, அடிமரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டினால் போதும் என்றார். ஒரு சுருள் வலையும் தந்துவிட்டுப் போனார். அன்று எனக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. வலையைக் கட்டும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மரத்துக்கு வேட்டி கட்டிவிட்டால் பீவர் பயந்துவிடுமோ என்று அவருக்கு நக்கல். கைபேசியில் யாரோ ஒரு கனடாக்காரன் பீவர் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அதிகாரி தந்த வலையை வெட்டிக் கூடு செய்யத் தொடங்கினார். குற்றம் என்றேன். உயிரோடு பிடித்து அடுத்த ஊரில் விடுவதில் என்ன குற்றம் என்றார். கூட்டின் கதவு விழமாட்டேன் என்றது. விழுந்தபோது அவருடைய விரல்தான் அகப்பட்டது. கூட்டைக் கழற்றி வலையை மரத்தில் கட்டச் சொல்லிக் கெஞ்சினேன், ஏசினேன், ஒரு நாள் சமைக்காமலும் விட்டேன். காதில் ஏறினால்தானே! நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு கிழமை போனது.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் என் மரம் புல்லில் கிடக்கிறது. அடிக்கட்டை பென்சில் சீவினதுபோல் கூராக நின்றது. கூடு திறந்தபடியே இருந்தது. கிளை கிளையாக விலக்கிக் காய்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அத்தனையும் கூட்டுக்குள் இருந்தன. பீவருக்கு இரை வேண்டுமென்று முந்தின நாள் இவர்தான் பறித்து வைத்திருக்கிறார்.

அவர் கூட்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"இஞ்சை பாரும், அது வாய் வைக்கேல்லை. கோயிலுக்குக் குடுக்கலாம்."

"பீவருக்கு வைச்சதைப் பிள்ளையாருக்கோ?" என்றேன்.

"பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

பிள்ளையார் கோவிக்கமாட்டார்தான். நான் கோவித்தேன். அந்தப் பழங்களை அவருடைய கையிலிருந்து பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டு, விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன்.